என்னை அண்ணே என்று கூப்பிட்டவன்

எங்கள் குடும்பத்தில் மேனேஜ்மெண்ட் படித்த முதல் ஆள் நான். மேனேஜ்மெண்ட்டிடம் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் எனக்கு முன்னால் நிறைய பேர். அவர்கள் கூலி வேலை செய்த எஸ்டேட் தோட்டத்தில் அதற்குத் துரை, கணக்கு எழுதுகிற கிராணி, ஆள் மேய்க்கிற தண்டல் என்று வேறு வேறு பெயர்கள் இருந்தன. அதையெல்லாம் புத்தகம் வாங்கிப் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், தேறிவிட்டால் நாமே அந்தப் பக்கம் போய் உட்காரலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது எங்கள் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகை.

தொழிற்சாலை மலாக்கா பக்கம் செங் என்ற ஊரில் இருக்கிறது. காருக்குள்ளே நாம் தட்டிப் பார்க்கிற, இழுத்துப் பார்க்கிற, பிள்ளைகள் உடைத்துப் போடுகிற பிளாஸ்டிக் சாமான்களெல்லாம் அங்கேதான் வார்ப்படம் ஆகின்றன. நான் ஒரு ஷிப்டுக்கு சூப்பர்வைசர். எனக்கு மேலே எக்ஸெகுட்டிவ். அவருக்கு மாடியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. கீழே நாங்கள் ஓடுவது அங்கிருந்து மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல் தெரியுமாம். அந்த அறையில் ஏர்கோன் உண்டு, சாயும் நாற்காலி உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஷிப்ட் கிடையாது. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். என் முழங்கால்கள் இரண்டும் அந்த நாற்காலியைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்த சமயத்தில்தான், இருக்கிற எக்ஸெகுட்டிவ் ஓய்வு பெறப் போகிறார், டிப்ளமா படிப்பவர்களுக்கு முன்னுரிமை, கம்பெனியே படிக்க அனுப்பும் என்று பலகையில் ஒட்டினார்கள்.

தலையில் பாதி நரைத்த பிறகு பேனாவும் கோப்புமாகக் கிளம்பினேன். தனியாகப் போகப் பயமாக இருந்ததால் என் மச்சானையும் இழுத்துக்கொண்டேன்.

மச்சான் என்றால் பெண் கொடுத்த மச்சான் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே திருவிழாவில் ஒரே பெண்ணைப் பார்த்து ஒன்றாகத் தோற்றவர்கள். இப்போது புக்கிட் ரம்பாயில் ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்பில், இரண்டு வரிசை தள்ளி வீடு, ஒரே தொழிற்சாலை. அவன் ஸ்டோருக்கு சூப்பர்வைசர். தினமும் என் காடியில்தான் வருவான்; காரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வயதில் என்னைவிடச் சில மாதம் மூத்தவன். அதை வைத்து நான் அவனை வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"எனக்கு எதுக்கு மச்சான் அந்தத் தலைவலியெல்லாம்?" என்றான். "எக்ஸெகுட்டிவ்னா மேலேர்ந்தும் திட்டுவான், கீழேர்ந்தும் திட்டுவான்."

"நீ அந்த வேலைக்கு மனுப் போட வேணாம் லா. சும்மா துணைக்கு வா. ஒண்ணுக்கு வந்தா யாருகிட்ட வழி கேக்கணும்னு கூட எனக்குத் தெரியாது."

"சரி லா. உனக்காக வர்றேன். நீ மாடிக்குப் போனா என்னையும் அப்பப்ப கூப்டு காப்பி குடு."

இப்படித்தான் பேசிக்கொண்டோம். இதை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை.

வகுப்பு மலாக்கா டவுனில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில். ஞாயிறுதோறும். கீழே காற்று அடிக்கிற சத்தத்துக்கு நடுவே மேலே எங்களுக்கு நிர்வாகவியல் நடக்கும். கணக்கியல் என்ற பாடத்தில் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன். ஆனால் இரண்டாம் பருவத்தில் ஒரு பாடம் வந்தது. நிறுவனங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் பாடம். எனக்கு அது சொந்த ஊர்க் கதைபோல இருந்தது. நாங்கள் தினமும் பார்க்கிற சில்லறைத்தனங்களுக்கெல்லாம் யாரோ உட்கார்ந்து பெயர் வைத்திருந்தார்கள். ஒருவன் வேலையே செய்யாமல் குழுவுக்குள் ஒளிந்துகொண்டால் அதற்கு ஒரு பெயர். முதலாளி வந்தவுடன் குரல் மாறினால் அதற்கு ஒரு பெயர். கேண்டீனில் பரவும் வதந்திக்குத் திராட்சைக் கொடி என்று பெயராம். எங்கள் கேண்டீனில் பரவியது திராட்சையல்ல, லாலாங் புல். வெட்ட வெட்ட வரும்.

திங்கட்கிழமை காலையில் காடியில் ஏறியதும் நான் ஆரம்பித்துவிடுவேன். இன்னார் இன்ன வகை, சோற்றில் ஆரம்பித்துப் புகழில் முடிகிற மனிதத் தேவை முக்கோணத்தில் இன்னார் இன்ன படி. "நம்ம பழைய எக்ஸெகுட்டிவ் எந்தப் படியில இருக்காரு தெரியுமா மச்சான்? அவரு முக்கோணத்துக்கு வெளியில நின்னு லிஃப்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு." மச்சான் சிரிப்பான். போனில் எதையாவது தட்டிக்கொண்டே சிரிப்பான்.

இங்கே என் பதற்றத்தை அறிமுகப்படுத்த வேண்டும். அது என்னோடு வெகுநாளாகக் குடித்தனம் நடத்துகிறது. வெளியில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாசலில் நான் சிரிப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். அது வரும்போது முதலில் மிஷின் சத்தமெல்லாம் தூரத்தில் போய்விடும். பிறகு என் நாக்கு வேறு யாருடைய நாக்கோபோல வாயில் கிடக்கும். பிறகு கை. நடுங்குகிற கையை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு ஜோக் சொல்வேன். ஜோக் முடிவதற்குள் பெரும்பாலும் அது போய்விடும். போகாத நாள் ஒன்று வந்தது.

படிக்கச் சேர்வதற்கு முந்தைய வருடம். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்தார். குறையுள்ள சாமான் கண்ணில் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கேட்கப்போகும் கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். பதிலும் தெரியும். மிஷினை நிறுத்து, சிவப்பு அட்டை கட்டு, மேலே சொல். இதை என் லைனில் இருக்கிற நேப்பாளத் தம்பிகளுக்குப் பாட்டாகவே பாடிச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்.

ஆடிட்டர் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பணிவாகக் குனிந்து, "குட் மார்னிங்" என்றேன்.

அப்போது மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

அவர் நல்ல மனிதர். காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் மெதுவாகக் கேட்டார். நானும் மறுபடியும் மெதுவாக, "குட் மார்னிங்" என்றேன். பிறகு என் கால்கள் திரும்பின, நடந்தன, என்னையும் கூட்டிக்கொண்டு போயின. ஸ்டோருக்குள் போய், அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்தில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சாவதற்கு இது ஒன்றும் மோசமான இடமில்லை, பேக்கிங் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

மச்சான்தான் கண்டுபிடித்தான். சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக என் காடியிலேயே என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான். டாக்டர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, இது பயம் என்றார். எதைப் பார்த்துப் பயம் என்று கேட்டேன். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். கட்டணம் வாங்கிக்கொண்டு கேள்வியைத் திருப்பித் தருகிற டாக்டர்.

வெளியில் வந்து காடியில் உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் கூடவே வந்தது. மச்சான் என் தோளில் கை வைத்துக்கொண்டு, "யாருக்கும் தெரிய வேணாம் லா. நா பாத்துக்குறேன்" என்றான்.

மறுநாள் கேண்டீனில் நான் அதை ஒரு நாடகமாகவே போட்டுக் காட்டினேன். காலையில் சாலையோர ஒட்டுக்கடையில் வாங்கிய நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றின் மேல் காரமான சம்பல், அந்தச் சம்பல் வயிற்றுக்குள் போய் என்ன செய்தது, ஆடிட்டர் கேள்வி கேட்டபோது என் வாயில் ஏன் குட் மார்னிங் வந்தது, எனக்கு எந்தக் கதவு திறக்கப் பார்த்தது, எவ்வளவு வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினேன். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மனிதவளப் பிரிவு மேடம், எங்கள் தமிழ்ப் பெண்தான், வயதில் என்னைவிட எவ்வளவோ இளையவர், அவரும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு சிறிய தைலப் புட்டியை அனுப்பி வைத்தார். வீட்டிலும் சம்பல் கதைதான் சொன்னேன். வயிற்று வலிக்காரனை எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். பயந்தவனை மறக்க மாட்டார்கள்.

உண்மை தெரிந்தவன் மச்சான் ஒருவன்தான். டாக்டரைச் சேர்த்தால் இரண்டு பேர். டாக்டர் அந்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அந்தப் பாடத்தின் கடைசியில் ஒவ்வொருவரும் உண்மையான ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, வேலையிடத்தில் அவருடைய நடத்தையை ஆராய்ந்து, வகுப்பில் பேச வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. நான் எங்கள் கேண்டீன் நடத்தும் அக்காவை எடுத்துக்கொண்டேன். யாருக்கு எத்தனை துண்டு கோழி போடுகிறார் என்பதை வைத்தே தொழிற்சாலையின் அதிகார வரிசையைக் கண்டுபிடிக்கலாம் என்பது என் ஆராய்ச்சி. மச்சானிடம் நீ யாரை எடுத்தாய் என்று கேட்டேன். "சர்ப்ரைஸ் லா" என்றான்.

அந்த வாரங்களில் காடியில் அவன் நிறையக் கேட்டான். சாயந்தரம் செங்கிலிருந்து கிளம்பி சாலை நெரிசலில் நிற்கும்போது, ரேடியோவைக் குறைத்துவிட்டு, "மச்சான், இப்பல்லாம் அது வருதா?" என்பான்.

"எது, சம்பலா?"

"வெளையாடாத. அன்னைக்கி மாதிரி."

"எப்பவாச்சும்."

"வர்றதுக்கு முன்னாடியே தெரியுமா? கையில ஆரம்பிக்குமா, நெஞ்சுலயா? அப்ப ஒடனே ஜோக் சொல்லணும்னு தோணுமா, இல்ல ஜோக் சொன்னா போவும்னு நெனச்சு சொல்றியா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் கோமாளித்தனத்தைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று விசாரித்த முதல் ஆள் அவன். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிக்னல் பச்சையானது தெரியாமல் பின்னால் ஹாரன் அடிக்கிற அளவுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனில் தட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரிக்கு என்ன காய்கறி வேண்டும் என்று கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், எவ்வளவு அக்கறையான புருஷன்.

பேசும் நாள் வந்தது. எங்களை அனுப்பிய ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஓர் ஆளை விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனியிலிருந்து மேடம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு உள்ளூரக் குஷி. அடுத்த மாதம் நேர்காணல். மேடத்துக்கு நம் அறிவைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. என் கோழித்துண்டு ஆராய்ச்சிக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாற்காலி கிட்டத்தட்ட என் அடியில் வந்து சாய்ந்தது.

அடுத்து மச்சான். ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்திலேயே பேசினான். ஜொகூர்ப் பக்கம் ஒரு துணி தைக்கும் தொழிற்சாலை. அங்கே ஒரு பெண் சூப்பர்வைசர், பெயர் மேடம் எக்ஸ். எல்லோரையும் சிரிக்க வைப்பவர். கீழே இருப்பவர்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் சிக்கல் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் முதலில் செய்வது ஜோக் சொல்வது. நகைச்சுவை அவருக்குப் பண்பல்ல, திரை. அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நன்றாக எழுதியிருக்கிறானே என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரர். பேச்சை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது அவர் வழக்கம். "இந்த மேடம் எக்ஸுக்குப் பதவி உயர்வு தருவீர்களா?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

முன்வரிசையில் மேடம். நான் கையைத் தூக்கினேன்.

"சார், இந்த அம்மாவுக்கு மைக் கொடுக்கலாம். லைனைக் கொடுக்க முடியாது," என்றேன். "ஃபேக்டரி தீப்பிடித்தால் முதலில் ஒரு ஜோக் சொல்வார். அது நன்றாக இல்லையென்றால் இன்னொன்று சொல்வார். பிறகுதான் பொம்பாவுக்கு போன் போடுவார். தீயணைக்க வருகிறவர்கள் சாம்பலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்."

வகுப்பே அதிர்ந்தது. விரிவுரையாளர் சிரித்தார், மேடம் சிரித்தார், கீழே டயர் கடையிலும் சிரித்திருப்பார்கள். சிரிக்காதவன் மச்சான் மட்டும். அவன் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். மேடைப் பயம் என்று நினைத்து, சீக்கிரம் பேசு என்று கையால் ஜாடை காட்டினேன்.

அவன் பேசினான். ஒரு நாள் ஆடிட்டர் வந்து மேடம் எக்ஸிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். மேடம் எக்ஸ் குனிந்து, "குட் ஈவினிங்" என்றார். அப்போது காலை நேரம்.

என் சிரிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. பிரேக் போட்ட பிறகும் முன்னால் சரிகிற பஸ் பயணிபோல அது கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது.

எல்லாவற்றையும் மாற்றியிருந்தான். மார்னிங் ஈவினிங் ஆகியிருந்தது. நாசி லெமாக் லக்சா ஆகியிருந்தது. அட்டைப் பெட்டிகள் துணி மூட்டைகள் ஆகியிருந்தன. ஆனால் மூட்டைகளின் சந்தில் உட்கார்ந்து மேடம் எக்ஸ் நினைத்தது நான் நினைத்தது. அவர் நாக்கு அவர் வாயில் வேறு யாருடையதோபோலக் கிடந்தது என்று அவன் சொன்னானே, அந்த வாசகம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன வாசகம். மறுநாள் கேண்டீனில் அவர் வயிற்று வலி என்று நடித்துக் காட்டினார் என்று வந்தபோது, முன்வரிசையில் மேடத்தின் தலை மெதுவாகத் திரும்பியது. கேண்டீன் நாடகத்தை அவரும் பார்த்தவர்தானே. தைலம் கொடுத்தவர். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. இருந்திருந்தால் ஒரு ஜோக்கால் அடித்து விரட்டியிருப்பேன். இருந்தது பரிதாபம்.

திரும்பி வரும்போது காடிக்குள் ஏர்கோனைக் கூட்டி வைத்தேன். கடைசியில் அவன் ஆரம்பித்தான்.

"என்னா மச்சான், பேசாம வர்ற."

"குட் ஈவினிங்," என்றேன்.

"நா பேரு போடல லா. ஆம்பளன்னு கூடப் போடல. ஒனக்காகத்தான் பொம்பளையா மாத்துனேன்."

"ரொம்ப நன்றி. சேலை என்னா கலரு?"

"சார் உண்மையான கேஸ் வேணும்னு சொல்லிட்டாரு. எனக்கு வேற யாரு மச்சான் இருக்கா, எங்கிட்ட உண்மையா பேசுறவன்?"

"அதுக்குத்தான் தினம் தினம் கேட்டியா?" என்றேன். "கையில ஆரம்பிக்குதா, நெஞ்சுல ஆரம்பிக்குதான்னு?"

"அக்கறையாவும்தான் கேட்டேன். இதுக்கும்தான் கேட்டேன். ரெண்டும்தான் மச்சான்."

"மேடம் வருவாங்கன்னு தெரியுமா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "வெள்ளிக்கெழமதான் தெரிஞ்சிச்சி."

"வேற யாரையாச்சும் போட்டிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள எங்க எழுதுறது? அது சரி, நீ ஏன் வாயத் தொறந்த? நீ சும்மா இருந்திருந்தா மேடத்துக்கு ஒண்ணுமே தோணியிருக்காது. கைய வேற தூக்குற."

அவன் சொன்னது தவறு, குட் ஈவினிங்கிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அவன் சொன்ன விதத்தில் ஒரு கணம் நானே அவனுக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது. அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பழக்கத்தில், "நாளைக்கு அதே டைம்தானே?" என்று கேட்டேன். என் வாய்க்கு என்னிடம் விசுவாசமே கிடையாது.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு விஷயம். தொழிற்சாலைச் சுவரில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட ஒரு படம் மாட்டியிருக்கிறது. யாருக்குக் கீழே யார் என்று அதில் தெரியும் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு வாயே போதும். நமக்குச் சமமானவன் மச்சான். நாம் அதட்டலாம் என்றால் தம்பி. நம்மை அதட்டக்கூடியவர் பாஸ், மேடம். மிச்சம் இருப்பது அண்ணே. மேலே போகாமல் வயது மட்டும் போய்விட்டவனுக்குக் கொடுப்பது. அதில் மரியாதை நிறைய இருக்கும். பதவி இருக்காது. எனக்கு இந்தக் கோட்பாடு அன்றைக்கு நேர்காணல் அறைக் கதவைத் திறந்த நொடியில்தான் தோன்றியது. படித்த புத்தகத்தில் இல்லை.

"வாங்கண்ணே. உக்காருங்கண்ணே," என்றார் மேடம். பக்கத்தில் தொழிற்சாலை மேலாளர் தலையை ஆட்டினார்.

அலுவல் நேரத்தில் மேடம் என்னை மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். ஒரே மூச்சில் இரண்டு அண்ணே விழுந்தவுடன் என் முழங்கால்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தயார் செய்துகொண்டு வந்ததை எல்லாம் ஒப்பித்தேன். குட் மார்னிங் என்று ஆரம்பித்தபோது மட்டும் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

கடைசியில் அவர் சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு கிளாஸ்ல நடந்தத நான் இதுல சேக்கவே மாட்டேன். அது தனி. ஆனா நீங்களே ஒண்ணு சொன்னீங்க. மைக் குடுக்கலாம், லைன குடுக்க முடியாதுன்னு. உங்களுக்கே உங்களப் பத்தி நல்லா தெரிஞ்சிருக்கு. ஒடம்ப பாத்துக்குங்கண்ணே. அந்த சீட்டு ரொம்ப ஸ்ட்ரெஸ்."

"அது வேற அம்மா, மேடம். துணி தைக்கிற ஃபேக்டரி," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, இந்த வருடக் கம்பெனி டின்னருக்கு நிகழ்ச்சி நடத்துகிற எம்.சி. நான்தான், யாரும் மறுப்பு சொல்லவில்லை, ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று என்றார். மைக்கை நிஜமாகவே கொடுத்துவிட்டார்கள்.

வெளியில் வந்தேன். வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் மச்சான் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. கடையில் மடித்த கோடு இன்னும் மார்பில் இருந்தது. காலையில் காடியில் அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்திருக்கிறான். நான் குளிருகிறதா என்று கேட்டு ஏர்கோனைக் குறைத்தேன்.

"மச்சான்," என்றான். "மேடம்தான் என்னையும் மனுப் போடச் சொன்னாங்க. அந்த பிரசெண்டேஷன் நல்லா இருந்திச்சாம். ஆளுங்கள நல்லா புரிஞ்சி வச்சிருக்கேனாம்."

"புரிஞ்சிதான் வச்சிருக்க," என்றேன். அன்றைக்குப் பார்த்து நாக்கில் ஒரு ஜோக்கும் இல்லை.

பதவி அவனுக்குக் கிடைத்தது. புது மாதத்தின் முதல் காலை, லைன் ஆரம்பிக்குமுன் எல்லோரும் நிற்கிற கூட்டத்துக்குக் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தான். என் ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். அவன் கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அண்ணே, நேத்து ரிஜெக்ட் ஏன் ஏறியிருக்கு?"

சில மாதம் மூத்தவன். ஒரே வகுப்பில் எனக்கு முந்தி மீசை முளைத்தவன். மச்சான் என்று ஆட்கள் முன்னால் கூப்பிட்டால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் கௌரவக் குறைச்சல் என்று யோசித்து யோசித்து அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்திருப்பான். நல்ல எண்ணம்தான். சேலை கட்டிவிட்டபோதும் நல்ல எண்ணம்தான். நான் பதில் சொன்னேன். "அச்சு சூடாவுது பாஸ்" என்றேன். அவன் காது சிவந்தது. அதற்குப் பிறகு அவன் தன் காடியில் வர ஆரம்பித்தான்.

இவ்வளவு நடந்தும், வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை, அவனுக்குக் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். என் மனைவி அதை வைத்துக்கொண்டு என் முகத்தைப் படித்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"பொறாம படாதீங்க," என்றாள். "கூடப் பொறந்தவரு மாதிரி பழகுனவரு. அவருக்குக் கெடச்சா நமக்குக் கெடச்ச மாதிரிதான்."

அங்கேதான் நான் எவ்வளவு ஒழுங்காக மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. அவன் என்ன செய்தான் என்று சொல்ல வேண்டுமானால், எதை எடுத்துக் கொடுத்தான் என்று சொல்ல வேண்டும். எதை என்று சொன்னால் சம்பல் கதை போய்விடும். என் ரகசியம் இப்போது அவனைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே லட்டுப் பெட்டியோடு வந்தான். என் மனைவி வாசலுக்கே போய் வரவேற்றாள். பால் சேர்க்காத தே-ஓ போட்டு ஜக்கில் கொண்டுவந்து வைத்தாள். லட்டை எடுத்து எனக்கு ஒன்று நீட்டினாள். நான் தட்டில் வைத்தேன்.

"பாருங்கண்ணே, இவரு இன்னும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு இருக்காரு," என்று அவனிடம் சொன்னாள். "நீங்களாச்சும் சொல்லுங்க. இன்டர்வியூல அப்படி என்னாதான் கேட்டாங்க? இவரு நல்லாதானே படிச்சாரு. ஏன் குடுக்கல?"

மச்சான் லட்டுப் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. எனக்காகக் கெஞ்சுகிறானா அவனுக்காகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"அன்னைக்கி எனக்கு வயித்து வலி இல்ல," என்றேன்.

"என்னைக்கி?"

"ஆடிட் அன்னைக்கி. சம்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயம். கையெல்லாம் நடுங்கி, நெஞ்சு அடைச்சி, ஸ்டோர்ல போயி ஒளிஞ்சிக்கிட்டேன்."

அவள் தே-ஓ ஊற்ற எடுத்த ஜக்கைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"கிளினிக்கு."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"நாந்தான் தங்கச்சி," என்றான் மச்சான்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அத நா கிளாஸ்ல ஒரு கேஸ் மாதிரி, பேரு போடாம..."

மீதியை அவனே சொன்னான். மேடம் எக்ஸ், லக்சா, முன்வரிசை, எல்லாம். நன்றாகவே சொன்னான். அவள் அவனைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். எத்தனை நாளாகக் காத்திருந்த திட்டு அது. லட்டுப் பெட்டி வாசல் தாண்டிப் பறக்கும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இவருக்குத் தெரியும்," என்றாள் என்னிடம். "கிளாஸ்ல உள்ளவங்களுக்குத் தெரியும். அந்த மேடத்துக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். எனக்கு சம்பலா?"

"ஒனக்கு கவல குடுக்க வேணாம்னுதான்..."

"அன்னையிலேர்ந்து நான் ஒங்களுக்கு தனியா காரம் இல்லாம ஆக்குறேன். பிள்ளைங்களுக்கு ஒரு சட்டி, ஒங்களுக்கு ஒரு சட்டி. இத்தன நாளா அது எந்த வயித்துக்கு?"

எனக்கு அப்போது குறைந்தது மூன்று ஜோக் தோன்றியது. மூன்றும் நல்ல ஜோக்குகள். வாயைத் திறக்கவில்லை.

மச்சான் எழுந்தான். "நா வர்றேன் மச்சான்" என்றான். வெகுநாள் கழித்து அந்த வார்த்தை.

"நீங்க உக்காருங்க," என்றாள் அவள். "மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் என்னிடம். "சிரிப்பு காட்டாம சொல்லுங்க."

சொன்னேன். சிரிப்பு இல்லாமல் சொன்னால் அது மிகச் சின்னக் கதையாக இருந்தது. மிஷின் சத்தம் தூரமாகப் போனது. நாக்கு வேலை செய்யவில்லை. பிறகு கை நடுங்கியது.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

எனக்கு நினைவில்லை. யோசித்துப் பார்த்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தேன்.

"எடது," என்றான் மச்சான், மெதுவாக. "மொதல்ல எடது கைதான். சோத்துக் கை அப்புறம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.